பார்க்காத படத்துக்கு வழங்கிய தீர்ப்பு

வாசிக்காமல் எதிர்ப்பது நமது இலக்கியச் சூழலில் ஒரு தகுதியாகவே ஆகிவிட்டது. ‘நான் அதை வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டேன்’ என்று மேடையில் சொல்பவருக்குக் கைதட்டல் விழுகிறது. வாசித்துவிட்டு எதிர்ப்பவரோ சந்தேகத்துக்குரியவர் ஆகிறார். அவர் ஏன் அதை வாசித்தார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. இந்த நோய் இப்போது புத்தகத்திலிருந்து சினிமாவுக்கும் தொற்றியிருக்கிறது.

கண்டியில் நாங்கள் சிலர் ஒரு மாலைநேரக் குறும்படத் திரையிடலுக்கு ஏற்பாடு செய்தோம். பெரிய விழா எதுவுமல்ல. ஒரு சிறு மண்டபம், ஆறு படங்கள், முடிவில் ஒரு கலந்துரையாடல். ஐந்து படங்களைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆறாவது படத்தின் பெயரையும், அதை எடுத்தவரைப் பற்றிய இரண்டு வரிகளையும் கண்டதும் மண்டபம் தர முடியாது என்றார்கள். எழுத்தாள நண்பர்கள் சிலரும் ‘நல்ல முடிவு’ என்று தலையசைத்தார்கள். அவர்களுள் ஒருவரேனும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. படத்தின் நீளம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். அதைக் காட்டக்கூடாது என்று கதைத்த நேரம் ஒன்றரை மணித்தியாலம்.

எதிர்ப்பு எனக்குப் பிரச்சினையில்லை. எதிர்ப்புக்குச் சொன்ன காரணங்கள்தான் பிரச்சினை. மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, இது மேற்கிலிருந்து இறக்குமதியாகும் சீர்கேடு. இரண்டு, ஆதிவாசி மக்களிடம் இப்படியான விடயங்கள் கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்லி யாரோ காசு பார்க்கிறார்கள். மூன்று, 2018க்கும் 2019க்கும் பிறகு முஸ்லிம்களாகிய நமக்கு இருக்கும் தலையிடிகள் போதாதா, இது அதற்கான காலமா? மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் படத்தைப் பற்றி.

படத்தை எடுத்தவர் தியோ ஜீன் கத்ஹேண்ட். கனடாவின் சஸ்கட்சுவான் மாகாணத்தைச் சேர்ந்தவர். சமவெளி க்ரீ என்ற பூர்வகுடி வழியில் வந்தவர். 1995இல், பாடசாலைப் பருவத்திலேயே, தன்பால் விருப்புள்ள ஓர் இளவயதினரின் தனிமையைப் பற்றித் தனது முதல் வீடியோப் படத்தை எடுத்தவர். அவரது படங்கள் டொரொன்டோவில் நடக்கும் பூர்வகுடியினருக்கான இமேஜின்நேட்டிவ் விழாவிலும், ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவிலும் காட்டப்பட்டவை. நாங்கள் தெரிவு செய்த படம் 2015இல் வந்தது. அதன் பெயரைத் தமிழில் ‘டூ-ஸ்பிரிட் அறிமுகச் சலுகை: 19.99 டொலர்’ என்று சொல்லலாம்.

தமிழில் இவரைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ‘அவர்’ என்ற சொல் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. மரியாதையாகப் பேசினால் போதும், பால் தெரியவேண்டியதில்லை என்பது நமது இலக்கணம். க்ரீ மொழியிலும் அவன், அவள் என்ற பிரிவு இல்லை. உயிருள்ளது, உயிரற்றது என்ற பகுப்புத்தான் உண்டு. ஆணா பெண்ணா என்று தீர்த்துவிட்டே வாக்கியத்தைத் தொடங்கவேண்டும் என்ற அவசரம் ஆங்கிலத்தினுடையது.

தொலைக்காட்சியில் நள்ளிரவு தாண்டி வரும் விற்பனை விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூட்டுவலி எண்ணெயையும் வயிற்றைக் குறைக்கும் பட்டியையும் கூவிக்கூவி விற்பார்கள். இந்தப் படம் அப்படியொரு விளம்பரம் போலவே எடுக்கப்பட்ட பகடி. விற்கப்படும் சரக்கு ஓர் அடையாளம். நீங்கள் பூர்வகுடியைச் சேர்ந்தவர், மற்றவர்களைப் போன்ற ஆணோ பெண்ணோ அல்ல என்பது இப்போதுதான் உங்களுக்கு விளங்கியிருக்கிறது, குழம்பிப் போயிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், 19.99 டொலர் கட்டினால் தொலைபேசி ஆலோசனை உண்டு, மணிகோத்த அலங்காரப் பொருட்கள் இலவசம். இவ்வளவுதான் படம். முகம் சுளிக்க வைக்கும் காட்சி எதுவும் அதில் இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சிரித்து முடித்த பிறகுதான் படம் உறைக்கிறது. இந்தப் பிள்ளை ஏன் தொலைபேசியில் காசு கட்டிக் கேட்கவேண்டும்? ஊரில் ஒரு மூத்தவரிடம் ஏன் கேட்க முடியவில்லை? ஏனென்றால் கேட்பதற்கு மூத்தவர்களை விட்டுவைக்கவில்லை. கனடாவில் அரசும் தேவாலயங்களும் சேர்ந்து நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. வந்த அன்றே தலைமயிரை வெட்டினார்கள். ஆணையும் பெண்ணையும், உடன்பிறந்தவர்கள் என்றாலும், பிரித்து வைத்தார்கள். 1990களின் பிற்பகுதியில்தான் கடைசிப் பாடசாலை மூடப்பட்டது. இதை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, இது ஒரு கலாசார இனப்படுகொலை என்று அறிவித்தது 2015இல். படம் வந்ததும் அதே ஆண்டில்.

விளம்பரத்தில் இலவசமாகக் கொடுக்கும் மணிகளையும் சும்மா கடந்துபோக முடியாது. கத்ஹேண்டின் தாயார் ரூத் கத்ஹேண்ட் அறியப்பட்ட ஓவியர். 2009இல் அவர் செய்த ‘வணிகம்’ என்ற வரிசையில், ஐரோப்பியருடன் வந்திறங்கிய பெரியம்மை போன்ற நோய்க்கிருமிகளைக் கண்ணாடி மணிகளால் கோத்துக் காட்டினார். வெள்ளையர் கொடுத்தது மணி. மணியோடு வந்தது நோய். தாய் அதை அழகாகவும் அச்சமாகவும் செய்தார். பிள்ளை அதே மணியை இலவச இணைப்பாக்கிச் சிரிக்கிறார். இரண்டு தலைமுறையாக ஒரே காயத்தைப் பற்றிய பேச்சு இது.

இனி முதலாவது காரணம். ‘மேற்கின் இறக்குமதி.’ இந்த நாட்டில் எது இறக்குமதி என்று பார்ப்போம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியரால் கொண்டுவரப்பட்டது. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவு என்ற அதன் 365ஆம் பிரிவு விக்டோரிய காலத்து இங்கிலாந்தின் கூச்சத்திலிருந்து பிறந்தது. இந்தியாவுக்கு 1860இல் கொடுத்த 377ஆம் பிரிவின் தம்பி அது. இங்கிலாந்து தனது சட்டத்தை 1967இல் திருத்தத் தொடங்கிவிட்டது. நாம் 1995இல் 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றி, அதுவரை அதில் அகப்படாதிருந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். எஜமான் கழற்றி வீசிய சட்டையை வேலைக்காரன் இன்னும் இறுக்கித் தைத்துப் போட்டுக்கொண்டதைப் போல.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். கிலாபத்தின் பெயரால் உருகுகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். உதுமானியப் பேரரசு 1858இல் தனது தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வளர்ந்தவர்கள் இருவரின் சம்மதத்துடனான தன்பால் உறவைக் குற்றமாக்கும் பிரிவு அதில் இல்லை. கலீபாவின் சட்டத்தில் இல்லாதது விக்டோரியா மகாராணியின் சட்டத்தில் இருந்தது. இன்று நாம் எந்தச் சட்டத்தை ‘நமது பண்பாடு’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

இது பாவமா இல்லையா என்று நான் இங்கு வாதிக்கவில்லை. அது உலமாக்களின் துறை. ஹலால், ஹராம் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. பாவம் என்று ஒருவர் நம்பலாம். ஆனால் பாவம் என்பது வேறு, பொலிஸ் குற்றம் என்பது வேறு. புறம் பேசுவதும் பாவம்தான். அதற்காக எவரையும் கட்டுகஸ்தோட்டைப் பொலிஸில் ஒப்படைப்பதில்லை. அந்தப் பிரிவுகளை நீக்குவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. அதன் பிறகும் 2024இல் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. நீதிபதிகளுக்கு இல்லாத அச்சம் நமது இலக்கிய மேடைக்கு ஏன்?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் கசப்பானது. ‘ஆதிவாசிகளிடம் இதெல்லாம் இல்லை, அவர்கள் இயற்கையின் பிள்ளைகள்.’ கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. ஆதிவாசி என்றால் காட்டில் தேன் எடுக்கவேண்டும், வில் பிடிக்கவேண்டும், நாம் படம் எடுக்கும்போது சிரிக்கவேண்டும். அவர் பகடி செய்யக்கூடாது, கமெரா வைத்திருக்கக்கூடாது, அவருக்கென்று ஓர் ஆசை இருக்கக்கூடாது.

கண்டிக்காரராகிய நமக்கு இது நன்கு பழகிய பார்வை. எசல பெரஹராவை ஒட்டித் தம்பானையிலிருந்து வேடர் தலைவர் தலதா மாளிகைக்குத் தேன் காணிக்கை கொண்டு வருவார். தோளில் கோடரியுடன் அவரது படம் பத்திரிகைகளில் வரும். அவரது மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலத்தை 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா என்று பிரகடனம் செய்து, அங்கே நுழைவதையே குற்றமாக்கினார்கள் என்பது அந்தப் படத்தின் கீழே வராது. மகாவலித் திட்டம் அவர்களுடைய காட்டை வயலாக்கியதும் வராது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியதிலிருந்து இன்றுவரை, அவர்களைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள் என்பதாவது தமிழில் எழுதும் நம்மில் எத்தனை பேரின் எழுத்தில் இருக்கிறது?

வட அமெரிக்காவின் பல பூர்வகுடிச் சமூகங்களில், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்களுக்கென ஒரு பெயரும் இடமும் இருந்தன. எல்லாச் சமூகத்திலும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு சொல். மிஷனரிமாரும் வதிவிடப் பாடசாலைகளும் அந்த இடத்தை வெட்கத்துக்குரியதாக்கின. 1990இல் வின்னிபெக் நகரை அண்டி நடந்த ஓர் ஒன்றுகூடலில் அந்த மக்களே கூடி ‘டூ-ஸ்பிரிட்’ என்ற பொதுப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். இதை ‘இரட்டை ஆவி’ என்று பெயர்த்தால் பேய்க்கதையாகிவிடும். அதனால்தான் அப்படியே விடுகிறேன். மானிடவியலாளர் வைத்த இழிவான பெயரைத் தள்ளிவிட்டுத் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்து, ‘உங்களிடம் இதெல்லாம் இல்லை’ என்று அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம்!

நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதை எங்கே கொண்டுபோய்விடும் என்பது நமக்குத் தெரியாததா? இங்கேதான் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். ‘இது அதற்கான காலமா?’

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை கிளம்பியது. அடுத்த வாரம் திகனயும் தெல்தெனியவும் எரிந்தன. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, நாடு முழுவதும் அவசரகால நிலை. 2019இல் குருநாகல் வைத்தியர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்று பத்திரிகையின் முதல்பக்கத்தில் வந்தது. நிரூபிக்க முடியாத கதை. இரண்டுமே எதைப் பற்றிய கதைகள்? உடம்பைப் பற்றியவை. படுக்கையறையைப் பற்றியவை. கருப்பையைப் பற்றியவை. ஒரு சமூகத்தை வெறுக்க வைக்க விரும்புகிறவர்கள் எப்போதும் அதன் உடம்பிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தப் பொய்யைத் தோளில் சுமந்த நாம், இன்னொருவரின் உடம்பைப் பற்றி மற்றவர் பரப்பும் கதையை அப்படியே விழுங்கலாமா?

அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட்டோமா? ‘நவரசம்’ என்ற ஒரு கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான இளைஞர். தமிழ் தெரியாதவர்கள் அவரது கவிதைகளில் தீவிரவாதத்தைக் கண்டுபிடித்தார்கள். வன்முறைக்கு எதிராக எழுதிய கவிதைகள் வன்முறையைத் தூண்டுவதாகக் காட்டப்பட்டன. பத்தொன்பது மாதம் அடைபட்டிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தக் காலமெல்லாம் நாம் என்ன சொன்னோம்? ‘கவிதையை முதலில் வாசியுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்’ என்றோம். அந்த ஒரு வாக்கியம்தான் நமது ஆயுதமாக இருந்தது. இப்போது அதே வாக்கியத்தை நான் உங்களிடம் சொல்கிறேன்: படத்தை முதலில் பாருங்கள்.

சக்திக சத்குமாரவையும் நினைவுபடுத்துகிறேன். சிங்கள எழுத்தாளர். விகாரை ஒன்றின் பின்னணியில் தன்பால் உறவைச் சாடையாகத் தொட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் முதலாம் திகதி கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். முறைப்பாடு செய்தவர்கள் பிக்குமார். அதைப் பற்றி நம்மில் பலர் எழுதினோம், பௌத்த பேரினவாதம் என்று சரியாகவே பெயரும் வைத்தோம். அதே காரியத்தை நாம் செய்யும்போது மட்டும் அதற்குப் பெயர் சமூக அக்கறையா? யாழ்ப்பாணத்தில் 2018இல் சர்வதேச சினிமா விழாவிலிருந்து ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ விலக்கப்பட்டபோது, தமிழ்த் தேசியத்துக்குச் சகிப்புத்தன்மை இல்லை என்று நாம்தான் முதலில் சொன்னோம். அவர்களுக்குச் சொன்னது நமக்குப் பொருந்தாதா?

வீட்டுக்குள்ளும் நமக்குக் கணக்கு இருக்கிறது. 2012இல் ஷர்மிளா ஸெய்யித் பீ.பீ.சீ. தமிழோசையில் பாலியல் தொழில் பற்றிச் சொன்ன ஒரு பதிலுக்காக அவரை எப்படி விரட்டினோம்? தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலுக்கு 2007இல் ஊர்விலக்கு வழங்கியவர்களில் எத்தனை பேர் அவரது கட்டுரையை முழுதாக வாசித்தவர்கள்? இதே கண்டியில் பிறந்த சித்திலெப்பை, முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று சொன்னபோதும் இதேபோல்தான் எதிர்த்தார்கள். இன்று அவர் பெயரில் பாடசாலைகள் இருக்கின்றன. எதிர்த்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு மறுபக்கத்திலிருந்து கைதட்டுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பின் குளிரூட்டிய அரங்குகளில் பன்மைத்துவம் பேசுகிறவர்களே, இந்தப் படம் உங்களுக்கான சான்றிதழ் அல்ல. அது கேலி செய்வது உங்களையும்தான். ஓர் அடையாளத்தை விலைச்சீட்டு ஒட்டி, பொதிசெய்து, விழாவுக்கு விழா அனுப்பும் வியாபாரத்தைத்தான் கத்ஹேண்ட் 19.99 டொலர் என்கிறார். ‘ஆதிவாசி’, ‘குயர்’ என்ற இரண்டு சொற்களையும் அழைப்பிதழில் போட்டுவிட்டு, நிலத்தைப் பற்றியோ பாடசாலைகளைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசாமல் தேநீர் குடித்துக் கலைகிறவர்களும் படத்தைப் பார்க்காதவர்கள்தாம்.

அவர் தன்னை அழைத்த இடத்தையும் விட்டுவைத்தவரல்லர். 2019இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் பெருங்கண்காட்சிக்கு அவர் தெரிவானார். அந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலர் சபை உபதலைவரின் நிறுவனம் கண்ணீர்ப்புகை விற்பது அப்போது பெரிய சர்ச்சை. அதே ஆண்டில் அந்தச் சர்ச்சைக்குள் தான் அகப்பட்டதையே ஒரு குறும்படமாக எடுத்தார். அந்த உபதலைவர் ஜூலையில் பதவி விலகினார். கண்ணீர்ப்புகை என்னவென்று பேராதனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவனின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கலைஞர் நமது எழுத்தாளர்களுள் எத்தனை பேர்?

முக்கியமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இது கனடாவைப் பற்றிய விவாதம் அல்ல. நமது வீடுகளைப் பற்றியது. கம்பளையிலும் கல்ஹின்னையிலும் உடுநுவரையிலும் இப்படியான பிள்ளைகள் இல்லை என்று எவராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்வீர்களா? இருக்கிறார்கள். வாப்பாவிடம் சொல்ல முடியாது. உம்மாவிடம் சொன்னால் உம்மா அழுவார். ஹஸரத்திடம் கேட்டால் கேட்ட கேள்வியே ஊருக்குள் போய்விடும் என்ற பயம். ஒரு நாள் நிக்காஹ் முடிகிறது. வலீமாச் சாப்பாடும் முடிகிறது. பிறகு ஒன்றும் அறியாத ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து நாசமாகிறது. ‘குணம் சரியில்லை’ என்று காதி நீதிமன்றத்தில் ஒரு வரி எழுதி முடிப்பார்கள். பாவத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோமே, தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

கேட்பதற்கு ஒரு மூத்தவர் இல்லாத பிள்ளையின் தனிமையைத்தான் அந்தப் படம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. இங்கே மூத்தவர்களை எந்த மிஷனரியும் கொண்டுபோகவில்லை. நாம் இங்கேதான் இருக்கிறோம். இருந்துகொண்டே காதைப் பொத்திக்கொண்டிருக்கிறோம். மார்க்கம் அனுமதிக்காததை அனுமதிக்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வாய் திறந்தால் அடிக்காமல், ஊருக்குச் சொல்லாமல் கேட்கக்கூடிய பத்துப் பேராவது ஓர் ஊரில் இருக்கவேண்டும் என்று சொல்கிறேன். அந்தப் பத்துப் பேரும் எழுதுகிறவர்களிடையே கூட இல்லையென்றால் நாம் எதற்கு எழுதுகிறோம்?

ஆகவே திரையிடல் நடக்கும். மண்டபம் கிடைக்காவிட்டால் ஒரு வீட்டில் நடக்கும். ஆறு படங்களும் காட்டப்படும். எதிர்க்கிறவர்கள் அவசியம் வரவேண்டும். வந்து, பார்த்து, எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். படம் மோசம் என்று தோன்றினால் அடுத்த இதழில் எழுதுங்கள்; ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன், தராவிட்டால் உங்களுக்காக நானே கேட்பேன். பார்த்துவிட்டு எழுதும் எந்த மறுப்புக்கும் நான் பதில் சொல்வேன். பார்க்காமல் எழுதுவதற்குப் பதில் சொல்லமாட்டேன்.